நைனாவின் இடது காலை நான் எடுத்த கதை

ஒரு கால் இல்லாத மனிதரைப் பார்த்து யாராவது பொறாமைப்படுவார்களா? நான் பட்டேன். ஒரு நாள், இரண்டு நாள் இல்லை. பாவாடை கட்டிய வயசிலிருந்து கிட்டத்தட்ட பத்து வருஷம், காலையில் பல் தேய்க்கும்போது ஆரம்பித்து ராத்திரி பாய் போடும் வரைக்கும் பட்டேன். நரகம் என்று ஒன்று இருந்தால் அதில் எனக்குத் தனி வரிசை போட்டு வைத்திருப்பார்கள். (அந்த வரிசையிலும் எனக்கு முன்னால் யார் நிற்கிறார்கள் என்று எட்டிப் பார்ப்பேன். என் குணம் அப்படி.)

அந்த மனிதர் பக்கத்து வீட்டு ஆரோக்கியசாமி அங்கிள். பெங்களூர் ஈஜிபுராவில் ஒரே காம்பவுண்டுக்குள் வரிசையாக ஆறு வீடு, நடுவில் ஒரு குழாய். முதல் வீடு அவர்களுடையது, இரண்டாவது எங்களுடையது. எங்கள் நைனா (அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம்) முனிசாமியும் அவரும் ஒரே நாளில் ராணுவத்தில் சேர்ந்தவர்கள். சேரும்போது ஆளுக்கு இரண்டு கால். திரும்பி வரும்போது அங்கிளுக்கு இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. நைனாவுக்கு இரண்டும் இருந்தது, ஆனால் வலது முழங்கால் மடங்கவில்லை.

என் பொறாமை அங்கேயே தொடங்கிவிட்டது. அங்கிளின் கால் எல்லையில் கண்ணிவெடியில் போனது. கேட்கிறவர்கள் "அப்படியா சார்!" என்று எழுந்து நிற்பார்கள். நைனாவின் கால் மலைப் பாதையில் ராணுவ லாரி கவிழ்ந்ததில் போனது. கேட்கிறவர்கள், "டிரைவர் குடிச்சிருந்தானா?" என்று கேட்பார்கள். அடிபடுவதில்கூட அவர்களுக்குத்தான் நல்லதாக அமைந்தது என்று நான் மனசுக்குள் புழுங்கியிருக்கிறேன்.

அடுத்தது ஸ்டெல்லா. அங்கிளின் ஒரே மகள். என்னைவிட ஒன்பது நாள் மூத்தவள். கான்வென்ட்டில் படித்தாள். நான் எட்டாவதோடு நின்றுவிட்டேன். காசில்லாததால் நிறுத்திவிட்டார்கள் என்று ரொம்ப நாள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். நைனா இல்லாத இந்த நேரத்தில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இங்கிலீஷிலும் கணக்கிலும் ஃபெயில். நைனா, "இன்னொரு வருசம் படி கண்ணு," என்றுதான் சொன்னார். நான்தான் ஓசூர் ரோட்டில் கார்மென்ட்ஸில் போய்ச் சேர்ந்துகொண்டேன். சட்டைக் கழுத்தில் லேபிள் தைக்கிற வேலை. நான் கற்ற இங்கிலீஷ் எல்லாம் அந்த லேபிளில் இருந்ததுதான். எக்ஸ்எல், டபுள் எக்ஸ்எல், டூ நாட் பிளீச்.

இதெல்லாம் சின்னப் பொறாமைகள். பெரிய பொறாமை ஒரு டெம்போவில் ஏறி வந்தது. நீலக் கலர் ஃபிரிட்ஜ். காம்பவுண்டிலேயே முதல் ஃபிரிட்ஜ். அன்று சாயங்காலம் ஸ்டெல்லா ஒரு டம்ளரில் ஐஸ் கட்டி எடுத்துக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்தாள்.

"ஜோதி, ஐஸ் வேணுமா?"

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் ஐஸைப் போட்டுக்கொண்டேன். நல்ல மனசோடுதான் கொடுத்தாள், பாவம். அதனாலேயே எனக்கு இன்னும் எரிந்தது. ஐஸைத் தின்றுகொண்டே எரிந்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

அந்த ஃபிரிட்ஜ் எப்படி வந்தது என்று அங்கிளே குழாயடியில் நைனாவுக்கு விளக்கிச் சொன்னார். அங்கிள் பேசினால் ஆறு வீட்டுக்கும் கேட்கும்.

"டேய் முனி, நோவு குட்டி போடும்டா. எனக்கு காலு போச்சு, அதுக்கு பென்சன் குடுத்தான். சரி. ஒத்தக் காலுல நின்னு நின்னு இந்தக் காலு முட்டி தேஞ்சி போச்சு. அது மொத குட்டி. சாஞ்சி சாஞ்சி நடந்து இடுப்பு போச்சு. அது ரெண்டாவது குட்டி. கட்டைக் காலு ஒரசி ஒரசி புண்ணு. மூணாவது. நோவு பொறுக்காம தூக்கம் போச்சு. நாலாவது. தாய் நோவுக்கு கவர்மென்டு பொறுப்புன்னா, குட்டி நோவுக்கும் அவன்தான்டா பொறுப்பு. எழுதிப் போட்டேன். மெடிக்கல் போர்டுல கூப்ட்டு பாத்தாங்க. ஊன பர்சன்டேஜ் ஏத்தி, பென்சனும் ஏத்தி குடுத்துட்டாங்க."

"எனக்கின்னாடா, நான் நல்லாத்தானே கீறேன்," என்றார் நைனா.

"நீ நல்லா கீறியா? நடக்கறப்ப பின்னாலேருந்து பாத்தா ஆட்டோ ஒரு பக்கம் பஞ்சர் ஆன மாதிரி போற. ஒன் இடுப்பு மட்டும் இன்னா இரும்பா?"

அங்கிள் சொன்னது உண்மை. மடங்காத காலை இழுத்து இழுத்து நடந்ததில் நைனாவுக்கு இடுப்பு போயிருந்தது. காலையில் அவரால் தானாகப் படுக்கையை விட்டு எழ முடியாது. அம்மா ஒரு துண்டை அவர் முதுகுக்குப் பின்னால் போட்டு இரண்டு முனையையும் பிடித்து, கிணற்றில் வாளி இழுப்பது மாதிரி இழுத்து உட்கார வைப்பாள். இது எங்கள் வீட்டுக்குள் மட்டும் தெரிந்த ரகசியம். எழுந்து, குளித்து, காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் கால் வைத்தால் ஆளே வேறு. விறைப்பாகப் போவார்.

போவது கோரமங்களாவில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி கேட்டுக்கு. செக்யூரிட்டி. அந்தக் காலத்தில் பெங்களூரில் மூலைக்கு மூலை அந்த மாதிரி கண்ணாடிக் கட்டடம் முளைத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றுக்கும் ஒரு கேட், கேட்டுக்கு ஒரு பழைய சிப்பாய். முதலில் நைனாவுக்கு ஒரு ஸ்டூல் இருந்தது. யாரோ பெரிய மனிதர் காரில் வரும்போது செக்யூரிட்டி உட்கார்ந்திருப்பது அழகாக இல்லை என்று சொல்லியிருக்கிறார். மறுநாள் ஸ்டூல் இல்லை. பன்னிரண்டு மணி நேரமும் நின்றார். பென்ஷன் கொஞ்சம் ஏறினால் அந்த கேட்டை விட்டுவிட்டு வீட்டில் உட்காரலாம். எங்களுக்கு வேண்டியது அவ்வளவுதான். நைனா உட்கார வேண்டும்.

(எனக்கு ஃபிரிட்ஜும் வேண்டும். பொய் சொல்ல மாட்டேன்.)

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அங்கிள் தன்னுடைய பழைய மனுவின் ஜெராக்ஸை எடுத்துக்கொண்டு கட்டைக் கால் டொக் டொக்கென்று எங்கள் வீட்டுக்கு வந்தார். பின்னாலேயே ஸ்டெல்லா, கையில் பேனாவோடு.

"முனி, இதே மாதிரிதான். ஸ்டெல்லா ஒனக்கு எழுதிக் குடுக்கும். நீ ஒன் நோவ சொல்லு, அது இங்கிலீஷ்ல போட்டுடும்."

ஸ்டெல்லா பேனா மூடியைக் கழற்றினாள். அந்தப் பேனா மூடி கழன்ற சத்தம் எனக்கு இன்னும் கேட்கிறது. எங்கள் நைனாவின் நோவை எங்கள் வீட்டில் உட்கார்ந்து அவள் இங்கிலீஷில் எழுதுவாள், நான் பக்கத்தில் நின்று காபி ஆற்றித் தர வேண்டும். அடுத்த ஃபிரிட்ஜும் அவள் புண்ணியத்தில் வரும். செத்தாலும் கூடாது.

"வேணா அங்கிள். நானே எழுதறேன்," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அம்மா கரண்டியோடு வெளியே வந்து பார்த்தாள்.

"நீயா? இங்கிலீஷ்லடி," என்றாள்.

"தெரியும். டெய்லி இங்கிலீஷ்லதான் வேலை செய்யறேன்." (லேபிள்.)

ஸ்டெல்லா, "நான் பக்கத்துல ஒக்காந்து ஹெல்ப் பண்றேன் ஜோதி," என்றாள்.

"ஒனக்கு எதுக்கு சிரமம்? நீ படிக்கற பொண்ணு."

இதை நான் எந்தத் தொனியில் சொன்னேன் என்று எழுதிக் காட்ட முடியாது. ஸ்டெல்லா பேனாவை மூடிவிட்டாள். நைனா மட்டும் பெருமையாக, "எம் பொண்ணு எழுதும்டா," என்று அங்கிளிடம் சொன்னார். அவ்வளவு நம்பிக்கையோடு ஒரு மனிதர் தன் காலைத் தூக்கி என் கையில் கொடுத்தார்.

மத்தியானம் உட்கார்ந்தேன். கோடு போடாத வெள்ளைத் தாள், அடியில் கோடு போட்ட தாள். என் கையெழுத்து அழகாக இருக்கும், அதை மட்டும் யாரும் குறை சொல்ல முடியாது. ஸ்டெல்லாவின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து, எம்ப்ராய்டரி போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன். நான் முட்டாள் இல்லை. பெயரை மாற்ற வேண்டும் என்று தெரியும். ஆரோக்கியசாமி இருந்த இடத்தில் முனிசாமி போட்டேன். ராணுவ நம்பரை நைனாவின் பழைய புத்தகத்தில் பார்த்து மூன்று தடவை சரி பார்த்தேன். அட்ரஸில் ஒன்றாம் நம்பர் வீட்டை இரண்டாம் நம்பர் ஆக்கினேன். மிச்சத்தில் எல்லாம் "கவர்மென்டுக்கு எழுதுகிற மரியாதை வார்த்தை" இருக்கும் என்று நினைத்து, ஒரு புள்ளி விடாமல் அப்படியே எழுதினேன்.

நடுவில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று நம்பர் போட்டு நாலு வரி இருந்தது. அதுதான் நோவு லிஸ்ட் என்று புரிந்தது. அங்கிளுக்கு நாலு. நமக்கும் நாலு. அவர்களுக்கு நாலு என்றால் நமக்கு ஏன் நாலு? ஐந்து இருந்தால் என்ன?

ஐந்தாவதுக்கு இங்கிலீஷில் ஒரு வியாதி வேண்டும். எனக்கு எழுத்து தெரிந்த இங்கிலீஷ் வியாதி ஒன்றே ஒன்றுதான். எங்கள் பஸ் ஸ்டாப் சுவரில், மூத்திர சந்தில், லைட் கம்பத்தில், ஓடுகிற பஸ்ஸின் முதுகில், பெங்களூர் பூராவும் மஞ்சள் தாளில் அதை ஒட்டியிருப்பார்கள். இவ்வளவு பேர் இவ்வளவு செலவு பண்ணி ஒட்டுகிறார்கள் என்றால் கண்டிப்பாக மரியாதையான, பெரிய வியாதியாகத்தான் இருக்க வேண்டும். பஸ் ஸ்டாப்புக்குப் போய் உள்ளங்கையில் எழுதிக்கொண்டு வந்து ஐந்தாவது வரியில் முழுசாகப் போட்டேன்: பைல்ஸ், ஃபிஸ்டுலா, வித்தவுட் ஆபரேஷன்.

நைனா இங்கிலீஷில் கையெழுத்துப் போடுவார், படிக்க மாட்டார். தாளைத் தூக்கிப் பிடித்து, "பிரின்ட் அடிச்ச மாதிரி கீது," என்றார். போட்டார்.

அம்மா வியாழக்கிழமை விவேக் நகர் சர்ச்சுக்குப் போய் இரண்டு மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள். எதுக்கு இரண்டு என்று கேட்டேன். "காலுக்கு ஒன்னு," என்றாள்.

நாலு மாசம் கழித்து, மெடிக்கல் போர்டுக்கு வரச் சொல்லி ராணுவ ஆஸ்பத்திரியிலிருந்து லெட்டர் வந்தது. நான் அந்த லெட்டரைக் குழாயடிக்கு எடுத்துப் போய், தண்ணீர் பிடிக்க வந்த ஸ்டெல்லாவுக்குத் தெரிகிற மாதிரி இரண்டு தடவை மடித்துப் பிரித்தேன். அவள் சந்தோஷமாக, "சூப்பர் ஜோதி!" என்றாள். எனக்கு ஏமாற்றமாகப் போய்விட்டது.

போகிற அன்று நைனா ஷூவைப் பாலிஷ் போட்டார். அதில் முகம் பார்த்து அம்மா பொட்டு வைத்துக்கொள்ளலாம், அப்படி ஒரு பளபளப்பு. நான் கூடப் போனேன், எழுதினவள் என்கிற ஹோதாவில். அங்கிளும் துணைக்கு வந்தார். "எனக்கு அங்க எல்லாம் பழக்கம்," என்றார். புளி சோறு கட்டிக்கொண்டு இரண்டு பஸ் மாறிப் போனோம்.

வராந்தா முழுக்க பழைய சிப்பாய்கள். கை இல்லாதவர், கண்ணில் துணி கட்டினவர், தடி ஊன்றினவர். யாருமே முனகவில்லை. உள்ளே போகிற வரைக்கும் நைனா பெஞ்சில் ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். "முனிசாமி!" என்று கூப்பிட்டதும் யார் துண்டும் இழுக்காமலே எழுந்தார். மடங்காத காலோடு மார்ச் பண்ணிக்கொண்டு உள்ளே போய், டப்பென்று அட்டென்ஷனில் நின்றார். கதவு திறந்தே இருந்தது. வாசலிலிருந்து எனக்கு எல்லாம் தெரிந்தது.

உள்ளே மூன்று டாக்டர்கள். நடுவில் இருந்த கர்னல் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என் மனுவைப் படித்தார். நைனாவின் காலைப் பார்த்தார். மறுபடி படித்தார். மறுபடி காலைப் பார்த்தார். மேஜைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பிறகு தாளைப் பக்கத்திலிருந்த லேடி டாக்டரிடம் தள்ளினார். அந்த அம்மாவுக்குத் தமிழ் தெரியும்.

"முனிசாமி, உங்களுக்கு இடது காலை முழங்காலுக்குக் கீழ எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கீங்க."

"யெஸ் மேடம்!" என்றார் நைனா.

ஆபீசர் கேட்டால் நைனாவுக்குத் தெரிந்த பதில் அது ஒன்றுதான்.

"எடுத்தாச்சா?"

"யெஸ் மேடம்!"

"எடுத்த இடத்துல புண்ணு வேற இருக்கா?"

"யெஸ் மேடம்!"

"அப்ப இது என்ன?" அந்த அம்மா பேனாவால் காட்டினார்.

நைனா குனிந்து பார்க்கவில்லை. அட்டென்ஷனில் குனியக் கூடாது. "லெஃப்ட் லெக் மேடம்!" என்றார்.

எனக்குக் காது மடல் சூடாக ஆரம்பித்தது.

"இத யார் எழுதினது?"

"மை டாட்டர், மேடம்!" அந்த நேரத்திலும் அவர் குரலில் பெருமை இருந்தது.

என்னை உள்ளே கூப்பிட்டார்கள். மூன்று டாக்டர், ஆறு கண்ணாடிச் சில்லு, எல்லாம் என்மேல். லேடி டாக்டர் கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்: "ஏம்மா, அப்பாவுக்கு ரெண்டு காலும் இருக்கே. கால் எடுத்தாச்சுன்னு எழுதியிருக்கியே?"

பார்த்து எழுதினேன் என்று சொல்லியிருக்கலாம். எனக்கு இங்கிலீஷ் தெரியாது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் வராந்தாவில் அங்கிள் இருந்தார். அவர் காதில் விழும். ஸ்டெல்லாவுக்குப் போகும். என் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"இப்ப சரியாயிடுச்சு மேடம்."

மூன்றாவது டாக்டர், அதுவரை ஒன்றுமே பேசாதவர், எழுந்து ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அவர் தோள் குலுங்கியது.

கர்னல் மட்டும் விடவில்லை. ஐந்தாவது வரியை உரக்க, நிறுத்தி நிறுத்திப் படித்தார். படித்து முடித்து லேடி டாக்டரைப் பார்த்தார். அந்த அம்மா என்னைப் பார்த்தார்.

"இது எந்த எடத்துல வர்ற வியாதின்னு தெரியுமா உனக்கு?"

நான் யோசித்தேன். ராணுவ மனு. "கால்ல?" என்றேன்.

அப்போதுதான் வராந்தாவில் டொக் டொக் டொக் என்று சத்தம். கூப்பிடாமலே அங்கிள் உள்ளே வந்தார். சல்யூட் அடித்தார். "சார்! அது என் காலு சார்!" என்று கத்திவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டி, பட்டையை அவிழ்த்து, கட்டைக் காலைக் கழற்றிக் கர்னலின் மேஜைமேல் வைத்தார். "லெஃப்ட் லெக் சார்! என் காலு, என் அப்ளிகேஷன். இந்தப் பொண்ணு பாத்து எழுதிடுச்சு. இவன் மேல தப்பு இல்ல சார். இவனுக்கு ரெண்டு காலும் கீது!"

பிறகு ஒற்றைக் காலில் ஆடினார். நைனா அட்டென்ஷனைக் கலைக்காமல், முகத்தைத் திருப்பாமல், இடது கையை மட்டும் பக்கவாட்டில் நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

கர்னல் தண்ணீர் குடித்தார். ரொம்ப நேரம் குடித்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, நல்ல மனிதர், நைனாவிடம் நேராக ஹிந்தியில் கேட்டார். லேடி டாக்டர் தமிழில் சொன்னார்: "காகிதத்தை விடுங்க. உங்களுக்கு உண்மையிலேயே என்ன தொந்தரவு? இடுப்பு வலி இருக்கா? சொல்லுங்க."

எங்களுக்குக் கிடைத்த ஒரே வாசல் அது. சாமி வந்து திறந்து வைத்த வாசல். நைனா நெஞ்சை நிமிர்த்தினார்.

"நோ கம்ப்ளெயின்ட், சார்!"

பதினாறு வருஷம் பரேடில் ஆபீசர் வந்து கேட்கும்போதெல்லாம் சொன்ன பதில். பனியில் விரல் மரத்தபோதும், சோறு வராதபோதும் சொன்ன பதில். நைனாவிடம் வேறு பதில் கிடையாது. சிப்பாயின் வாயில் நோவு என்கிற வார்த்தை வராது என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

நான் அழுதுவிட்டேன். "பொய் சார்! பொய் சொல்றாரு! காலைல எங்கம்மா துண்டப் போட்டு இழுத்தாத்தான் எந்திரிப்பாரு!"

நைனா திரும்பி என்னைப் பார்த்தார். இல்லாத காலை எழுதினதற்கு அவர் என்னை முறைக்கவில்லை. துண்டைச் சொன்னதற்கு முறைத்தார். முறைப்பு என்றுகூடச் சொல்ல முடியாது. ஆபீசர் முன்னால் சட்டையை உருவிவிட்ட மாதிரி ஒரு பார்வை. அதை மட்டும் இன்றுவரை யாருக்கும் சிரிப்புக் கதையாகச் சொன்னதில்லை.

கர்னல் என் மனுவை மறுபடி கையில் எடுத்து லேடி டாக்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். பிறகு லேடி டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "இதுல இடுப்பு வலியும் எழுதியிருக்கு. ஆனா இடது கால் போனதால வந்த இடுப்பு வலின்னு எழுதியிருக்கு. கால் போகலியே. அவரே வாயால சொல்லியிருந்தா எழுதிக்கலாம். அவர் சொல்லாதப்ப, காகிதத்துல எழுதினத வச்சுத்தான் நாங்க பாக்க முடியும்மா. திரும்ப சரியா எழுதி, முதல்லேருந்து அனுப்புங்க."

வெளியே வந்தோம். புளி சோற்றை யாரும் பிரிக்கவில்லை. பஸ்ஸில் மூன்று பேர் சீட்டில் நான் நடுவில். பஸ் சிவாஜி நகர் தாண்டியது. அப்புறம் அங்கிள் ஜன்னலைப் பார்த்தபடி, "தாயே இல்ல, குட்டி மட்டும் நாலு," என்றார்.

நைனாவின் வயிறு குலுங்கியது. "நாலு இல்லடா. அஞ்சு," என்றார்.

"டேய், அந்த அஞ்சாவது எங்கடா புடிச்சுது ஒன் பொண்ணு?"

நான், "பஸ் ஸ்டாப்புல," என்றேன்.

இருவரும் சிரித்த சிரிப்பில் கண்டக்டர் ஓடி வந்தார். நைனாவுக்கு இடுப்பு வலிக்க வலிக்கச் சிரிப்பு. அன்று சாயங்காலமே காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு கேட்டுக்கு நிற்கப் போனார்.

இரண்டாவது மனுவை ஸ்டெல்லா எழுதினாள். எங்கள் வீட்டில் உட்கார்ந்துதான். நான் காபி ஆற்றிக் கொடுத்தேன். அவள் ஒரு வார்த்தை கிண்டல் பண்ணவில்லை. நைனாவிடம் ஒன்றும் கேட்காமல் அம்மாவிடம் கேட்டுக் கேட்டு எழுதினாள். ("கேக்க வேண்டிய ஆள்கிட்டதான் கேக்கணும் ஆன்ட்டி," என்றாள். இதுவும் எனக்குத் தோன்றவில்லை.) அதற்கு மறுபடி லெட்டர் வந்து, போர்டு கூடி, காகிதம் எங்கெங்கோ சுற்றிப் பணம் ஏறுவதற்குப் பதினாலு மாசம் ஆனது. அந்தப் பதினாலு மாசம் கவர்மென்ட் கணக்கு; என் மனுவில் போன அரை வருஷம் என் கணக்கு. அந்த அரை வருஷமும் நைனா ஸ்டூல் இல்லாமல் நின்றார். ஸ்டெல்லாவின் பேனாவைப் பார்த்து எனக்கு எரிந்ததற்கு நைனாவின் இடுப்பு பதில் சொன்னது.

கேட் வேலையை விட்ட அன்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கினார். அதைக் குழாயடியில் போட்டு உட்கார்ந்துகொண்டு, போகிற வருகிறவர்களுக்கெல்லாம் உட்கார்ந்தபடியே சல்யூட் அடித்தார். ஃபிரிட்ஜ் கடைசி வரை வரவில்லை. நாற்காலி வந்தது. ஐந்து வருஷம் அதில் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் எங்கள் வீட்டில் யாருக்குத் தலை வலித்தாலும், பல் வலித்தாலும், முதல் கேள்வி "யாரு காலு அது?" என்பதுதான். என் கல்யாணப் பேச்சின்போது பையன் வீட்டார் முன்னாலேயே அங்கிள், "பொண்ணு நல்லா எழுதும்," என்றார். எங்கள் பக்கத்து ஆட்கள் எல்லோரும் சிரித்தார்கள். பையன் வீட்டார் நான் ஏதோ கதை எழுதுகிறவள் என்று நினைத்துப் பயந்து, ஒரு வாரம் பதில் சொல்லவில்லை. பிறகு சரி என்றார்கள்.

நாலு மாசத்துக்கு முன்னால் நைனா போய்விட்டார். நெஞ்சு. ஆஸ்பத்திரியில் நர்ஸ் குனிந்து, "எங்க வலிக்குதுங்க?" என்று கேட்டபோது, ஆக்சிஜன் மூடியை ஒரு விரலால் தூக்கி, "நோ கம்ப்ளெயின்ட்," என்றார். பிறகு என் பக்கம் கண்ணைக் காட்டி, "எதுவானாலும் அது எழுதிக் குடுக்கும்," என்றார். நர்ஸுக்குப் புரியவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே வெளியே வந்துதான் அழுதேன்.

போன வாரம் அம்மாவின் பென்ஷனுக்கான ஃபாரம் வந்தது. நைனா இறந்துவிட்டதால் இனி அம்மா பெயருக்கு மாற வேண்டும். ஸ்டெல்லா தானாகவே வந்தாள். இப்போது பேங்கில் வேலை செய்கிறாள். பேனாவை எடுத்தாள், மூடியைக் கழற்றவில்லை. என் முன்னால் நீட்டினாள்.

"நீ எழுது. நான் பக்கத்துல ஒக்காந்துக்கறேன்."

ஒவ்வொரு வரியாக அவள் படித்துத் தமிழில் சொன்னாள். நான் எழுதினேன். நைனா பெயர், நம்பர். இறந்த தேதி என்கிற கட்டத்தில் வந்து கை நின்றுவிட்டது. அப்போது பக்கத்து வீட்டிலிருந்து டொக் டொக். "ஸ்டெல்லா! சாப்புட வாம்மா, ஆறுது!" என்று அங்கிளின் குரல், ஆறு வீட்டுக்கும் கேட்கிற மாதிரி. அவள் சலித்துக்கொண்டு, "வர்றேம்பா!" என்றாள். சலித்துக்கொள்ள முடிகிறது அவளால்.

எனக்குப் பற்றி எரிந்தது. கான்வென்ட்டுக்கும் ஃபிரிட்ஜுக்கும் பட்டதெல்லாம் ஒன்றுமே இல்லை. ஒற்றைக் காலோடு ஒருத்தர் வாசலில் நின்று சாப்பிடக் கூப்பிடுகிறார். அவளுக்கு அது இருக்கிறது, எனக்கு இல்லை.

கட்டத்தை நிரப்பினேன். எழுத்து கொஞ்சம் கோணல். அதுவரை மூலையில் கால் நீட்டி, ஒரு வார்த்தை பேசாமல் உட்கார்ந்திருந்த அம்மா (நாலு மாசமாகவே அப்படித்தான் உட்கார்ந்திருக்கிறாள்) என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"பாத்து எழுதுடி. போறப்ப அந்த மனுசனுக்கு ரெண்டு காலும் இருந்துச்சு."